சிரித்தவர்கள் எல்லாம் திருப்தி

எட்மோன் கட்டிலை விற்றபோது மாரி-ரோஸ் அதன் மேல் படுத்திருந்தாள்.

வாங்க வந்த இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அவளுடைய மத்தியானத் தூக்கம் கலையட்டும் என்று சுவரோரம் நின்றார்கள். அவள் எழுந்தாள், தலையணையை எடுத்துக்கொண்டாள், புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

கட்டில் போய்விட்டது.

எட்மோனைச் சொல்லிக் குற்றமில்லை என்று எட்மோனே நினைத்துக்கொண்டான். பிரான்சுக்குப் போய்விடலாமா என்று போன வாரம் முறையாகத்தான் கேட்டிருந்தான். அவள் சிரித்தாள். அவன் தொழிலில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அமெரிக்கர்களின் கருத்துக்கணிப்புக்காக சைகோனில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவன் அவன். ஆட்சி பிடித்திருக்கிறதா? ராத்திரியில் பயமில்லாமல் தூங்குகிறீர்களா? ஜனங்கள் தேநீர் கொடுத்துச் சிரிப்பார்கள். பதில் சொல்லாத வீட்டின் மேல் யாருக்காவது சந்தேகம் வந்து தொலைக்கப்போகிறதே என்று, அத்தனை பேரையும் 'திருப்தி'யில் போட்டுவிடுவான். அவனுடைய சதவீதத்தை நம்பினால் இந்தப் போரில் தோற்கவே வழியில்லை.

இப்போது, எழுபத்தைந்து ஏப்ரலில், நகருக்கு வடக்கே பின் யுவோங் பக்கத்துப் பீரங்கிச் சத்தம் ஜன்னலை ஆட்டியது. அவனுக்கு வேலை கொடுத்த அமெரிக்கர்கள் முன்னமே பறந்துவிட்டார்கள். காரைக்கால்காரன் என்பதால் எட்மோனிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. டான் சோன் நியட் விமான நிலையத்திலிருந்து நாளைக் காலை விமானம். இரண்டு இருக்கை.

மூன்றாவதற்கு ஆளில்லை. மகன் ஆந்த்ரே, சில வருஷங்களுக்கு முன் நகரில் குண்டு விழுந்த ஒரு வாரத்தில் காணாமல் போனவன். எட்மோன் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் பிணங்களின் முகம் பார்த்துவிட்டு, கடைசியில் மாதா கோயிலில் அவன் பேரில் இறந்தோர் பூசைக்குப் பணம் கொடுத்தான். மாரி-ரோஸும் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள்.

அவள் இன்னும் பெட்டி கட்டவில்லை.

எட்மோன் அவளெதிரே தரையில் உட்கார்ந்தான். பாவம், வேறு விதமாகக் கேட்கத் தெரியாதவன்.

“வர்றேன், வரலை, கருத்து இல்லை. மூணுல ஒண்ணு சொல்லு, மாரி.”

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

“வரலைங்க. ஆந்த்ரே உசுரோட இருக்கான். காட்டுல, வியட்காங் படை ஆளுங்களோட சேர்ந்துட்டான். இந்த வாரம் ஊருக்குள்ள வந்துடுவான், வர்றப்ப வீட்ல ஆள் இருக்கணும். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? ஜனங்க சொல்றதையெல்லாம் எழுதிட்டுப் போய் அமெரிக்கன்கிட்ட குடுக்குற ஆளாச்சே நீங்க.”