மூன்று நாட்டு பீரும் ஒரு மாப்பிள்ளையும்

துறைமுகத்தை ஒட்டிய கொச்சங்காடி வீட்டு மாடியில் அன்று கூடியவர்கள்: சாய்வு நாற்காலியில் பெண்ணின் தாய்மாமன் பிச்சுமணி, எதிர் ஸ்டூலின் நுனியில் மாப்பிள்ளையாகப் போகிற நாணு, நடு மேசையில் கப்பல்காரர்கள் கொடுத்த டென்மார்க், ஜெர்மனி, ஜப்பான் பீர்கள்.

பையன் குடிப்பானா என்று விசாரித்து எழுதும்படி பிச்சுமணிக்குப் பெண்ணின் அம்மா, பாலக்காட்டு அக்காவின் உத்தரவு. அது நாணுவுக்கும் தெரியும்.

"கொஞ்சம் ருசி பாரேன்டா."

"சிவ சிவா! நேக்கு அந்த வாசனையே ஆகாது மாமா."

பிச்சுமணி தனியாகவே சுவைத்து அபிப்பிராயம் சொன்னார். "டென்மார்க், சுத்தக் கஷாயம். ஜப்பான், கேட்டியோ, வெறும் சோடா. ஜெர்மனிலே ரெண்டு ஐஸ் கட்டி போட்டாத்தான் தொண்டையிலே இறங்கும்."

ஐஸ் கட்டியோடு அவர் கை ஜெர்மன் தம்ளரை நெருங்கியது. நாணு பல்லைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை.

"ஐயோ, போடாதீங்கோ மாமா! ஜெர்மனோட ருசியே செத்துப்போயிடும்!"

சொன்ன பிறகுதான் கல்யாணம் கைவிட்டுப் போனது உறைத்தது.

பிச்சுமணி இன்லண்டு லெட்டரை எடுத்து, எழுத எழுத உரக்கப் படித்தார். "அக்காவுக்கு நமஸ்காரம். பையன் தங்கம். அந்த வாசனையே ஆகாதென்று அவனே சொன்னான். உடனே முகூர்த்தம் பார்க்கவும்."

"மாமா!"

"பின்னே? குடும்பத்திலே ருசி தெரிஞ்ச ஒருத்தன் இல்லாம எத்தனை வருஷம்டா நான் தனியா குடிப்பேன்? ஒட்டிப் போட்டுட்டு ஓடி வா. ஜெர்மன் காத்துண்டிருக்கு."

நாணு கடிதத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, தபால்பெட்டிக்கு ஓடினான்.