பாலம் தாண்டுற வரைக்கும்

போருக்குப் பிறகு கொள்ளிடத்தின் தென்கரை ஒரு ராணுவக் கூட்டணியிடமும் வடகரை எதிர்க் கூட்டணியிடமும் இருந்தன. குழந்தை எந்தக் கரையில் பிறக்கிறதோ அந்தக் கரைக்கே சொந்தம். பிறகு அதை ஆறு தாண்ட விடமாட்டார்கள்.

போருக்கு முன்பே வடகரைக்கு வாழ்க்கைப்பட்ட இளவேனில், வளைகாப்புக்காக ஒருநாள் அனுமதியில் தென்கரைத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வளையல் அடுக்கும்போதே வலி கண்டுவிட்டது. அம்மா மரகதம் அவளை ஆட்டோவில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள்.

"முடியலம்மா. இங்கேயே பெத்துக்கிறேன்."

"பெத்துட்டு? புள்ளைய விட்டுட்டு நீ மட்டும் புருஷன்கிட்ட போவியா? பல்லைக் கடிச்சுக்கடி, பாலம் தாண்டுற வரைக்கும்."

பாலத்தின் தென்கரை முகப்பில் வண்டிகள் நகரவேயில்லை. பொழுது சாயும்போது ஆட்டோவுக்குள்ளேயே குழந்தை பிறந்தது.

முன் வண்டியைச் சோதித்த சிப்பாய் இவர்கள் பக்கம் திரும்பினான். முதல் அழுகைக்குத் திறந்த பேத்தியின் வாயை மரகதம் முந்தானையால் பொத்தினாள்.