ஏழடிப்பட்டத்தில் ஒரு விண்ணப்பம்

சித்தன்னவாசல் மலையில், ஏழடிப்பட்டத்துக் குகைக்குள் காலை வெயில் மெல்ல நுழைகிறது. என்றோ சமணத் துறவிகள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் கம்பிவேலிக்கு அப்பால் ஈரம் பட்டதுபோல மினுங்குகின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் கலைமதி கைப்பேசியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் கணவன் ரகுநாத். கத்தாரிலிருந்து லீவில் வந்து பன்னிரண்டு நாளாகிறது. தன் பேங்க் வேலையை விட்டுவிட்டு, பண்டைத் தத்துவத்தில் எம்.ஏ. படிக்கச் சென்னைக்கு விண்ணப்பம் போடப்போவதாக, படியேறிய மூச்சு அடங்குமுன்பே அவனிடம் சொல்லிவிட்டாள். நாளைதான் கடைசி நாள். கீழே எங்கோ ஒரு மயில் அகவுகிறது. காற்று அவள் முந்தானையைத் தூக்கி அவன் முழங்கையில் போடுகிறது; அவன் அதை விலக்கவில்லை. "எதப் பத்துன படிப்பு அது?" என்கிறான் கடைசியில். "நல்லா வாழ்றதுன்னா என்னன்னு. கிரேக்கத்துல கேட்டிருக்காங்க. இங்க படுத்திருந்தவங்களும் அதத்தான் கேட்டிருப்பாங்க போல." அவன் அந்த வழவழப்பான கல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறான். "கத்தார்ல எங்க ரூம்ல கட்டிலும் இந்த அகலந்தான், கலை." பிறகு, "நல்லா வாழ்றது என்னன்னு கண்டுபிடிக்க ரெண்டு வருசம் பத்துமா?" என்கிறான். கேலியோ என்று அவன் முகத்தைப் பார்க்கிறாள். கேலி இல்லை. "பத்தாதுங்க" என்கிறாள். "சரி, விண்ணப்பத்துக்கு எழுதுனத வாசி. கேப்போம்." வெயில் இன்னும் ஒரு சாண் உள்ளே வருகிறது. கைப்பேசியைத் திறந்து அவள் முதல் வரியை வாசிக்கிறாள். இரண்டாவது வரியில் அவன் கண்களை மூடிக்கொள்கிறான்.