எதிர்வீட்டு விளக்கு

வருகிறவரின் காலடி கேட்டு உள்ளே இருப்பவர் மனம் மலர்ந்தால் வாசல் விளக்கு மஞ்சளாக ஜொலிக்கும்; மனம் சுருங்கினால் மங்கிவிடும். உளவியல் ஆய்வாளர் இளங்கீரனின் கண்டுபிடிப்பு அது. அவர் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் மாட்டியிருந்தார்கள்.

எதிர்வீட்டு பிரான்சிஸ் வரும்போதெல்லாம் அந்த வீட்டு விளக்கு ஜொலிக்கும். அந்தத் தம்பதியைப் பற்றி இளங்கீரன் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருந்தார். அவர் வீட்டு விளக்கோ அவர் வந்தாலே மங்கிவிடும். யாரும் பார்ப்பதற்குள் உள்ளே நுழைந்துவிடுவார்.

இன்று அது ஜொலித்தது. கதவைக்கூடச் சாத்தாமல் போய் மனைவியின் கையைப் பிடித்தார்.

"விளக்கைப் பாத்தேன், தெய்வானை."

அவள் மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள்.

"நீங்க வந்தா எரியுற மாதிரி வயரை மாத்திட்டேங்க. நாலு பேர் பாக்குறாங்க, உங்களுக்கு அசிங்கமா இருக்குமேன்னுதான்."

"உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"எதிர்வீட்டு ஸ்டெல்லாக்கா. அவங்க விளக்கு மாட்டுன அன்னைக்கே வயரை மாத்திட்டாங்களாம்."

வெளியே லிஃப்ட் திறந்தது. எதிர்வீட்டு விளக்கு ஜொலித்தது. பிரான்சிஸ் இரண்டு விளக்குகளையும் பார்த்தார்.

"இன்னைக்கு உங்க வீட்டுலயும் எரியுதே சார்" என்றார் சந்தோஷமாக.

இளங்கீரனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.