சவம் ஏறாத ஜீப்

"இது சவம் ஏத்தின வண்டியா?"

கேதீஸ்வரி இப்படிப் பட்டென்று கேட்பாள் என்று அவள் புருசன் நல்லரத்தினம் நினைக்கவில்லை. மனுசனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

காத்தான்குடியில் கச்சி முகம்மதுவின் வீட்டு முற்றத்தில் நின்றது அந்த ஜீப். பழைய டீசல் வண்டி. மணலிலும் மலையிலும் நாலு சில்லும் சேர்ந்து சுழன்று இழுக்கும். திறப்பைத் திருப்பியதும் செருமிக்கொண்டு எழும்பியது எஞ்சின். அதைக் கேட்டதுமே நல்லரத்தினத்துக்கு மனம் நிறைந்துவிட்டது.

கச்சி முகம்மது முகம் கோணவில்லை.

"ஏத்தினதுதான் மகள். சுனாமி அண்டைக்குக் கடற்கரை மணலுக்க இறங்க இதுமாதிரி வண்டியாலதானே ஏலும்? ஆக்கள் கத்தின கத்தல்ல வீட்டுக்குள்ள இரிக்க ஏலல்ல. உசிரோட கிடந்தவங்களையும் ஏத்தினன், மௌத்தானவங்களையும் ஏத்தினன். ஆரு, என்ன ஊர் எண்டு பாக்கல்ல. உங்களுக்குப் பொய் சொல்லி விக்க எனக்கு மனமில்ல."

"சரி காக்கா, யோசிச்சுச் சொல்றம்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டுக் கேதீஸ்வரி தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

மோட்டார் சைக்கிளை எடுத்ததும் நல்லரத்தினம் வெடித்தார்.

"டொக்டருக்குப் படிச்சவள் கதைக்கிற கதையா இது?"

"படிச்சாப் பயம் போயிருமா? நான் அதில ஏத்தப்போறது பிள்ளைத்தாச்சிகளை. நோவோட வாறவளைச் சவம் கிடந்த இடத்தில படுக்கவைக்கச் சொல்றீங்களா?"

அவளுக்கு வெலிமடைப் பக்கம், மலை உச்சியில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்திருந்தது. சண்டை முடிந்த மறுவருடம் அது. திங்கட்கிழமை போய்ப் பொறுப்பெடுக்க வேண்டும். அங்கே அம்புலன்ஸ் கிடையாது. மார்கழிப் பனிமூட்டத்தில் விடியப்புறம் பாதையே தெரியாதாம். போன மழைக்கு ஒருத்தியைச் சாக்கில் கட்டித் தூக்கி வந்து, பாதி வழியில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்று, அங்கே முன்பு வேலை செய்த டொக்டர் போனில் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து கேதீஸ்வரிக்கு நித்திரை இல்லை; சொந்தக் காசிலாவது ஒரு வண்டி வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று நின்றாள்.

புது வண்டி வாங்கலாம்தான். ஆனால் கம்பியூட்டர் வைத்த வண்டி மலையில் படுத்தால் அதை எழுப்பக் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும். பழைய டீசலென்றால் தோட்டத்து லொறி மெக்கானிக்கே தட்டி எழுப்பிவிடுவார். லொறிக்கு வைத்திருக்கிற டீசலையே ஊற்றலாம்.

"இந்தக் கரையில நிக்கிற ஜீப் எல்லாம் அண்டைக்கு அந்த வேலைதான் செஞ்சது. உனக்குச் சவம் ஏத்தாத ஜீப் வேணுமெண்டா கப்பல்ல இருந்துதான் இறக்கணும்" என்றார் நல்லரத்தினம்.

"தேடினாக் கிடைக்கும். நீங்க விடுங்க."

செட்டிபாளையத்தில் ஒருவர் பிள்ளையார் மேல் ஆணையிட்டார், இதில் சவமே ஏறவில்லை என்று. பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்ன அண்ணே இப்பிடிச் சொல்றீங்க? எங்கட மாமாவை இதிலதானே கொண்டுபோன?" என்றாள்.

நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

களுதாவளையில் அருமைநாயகத்தின் வீடு உயர்ந்த மதிலும் இரும்புக் கேற்றுமாக இருந்தது. சீலைப் போர்வையை அவர் உரிக்க, உள்ளே காத்தான்குடி ஜீப்பின் வயதே உள்ள இன்னொரு ஜீப் நேற்று வாங்கியதுபோல் மினுங்கியது.

கேதீஸ்வரி தன் கேள்வியைக் கேட்டாள்.

"ஒரு சவம் ஏறல்ல தங்கச்சி. ஆரிட்டயும் விசாரிச்சுப் பாருங்க."

"அதெப்பிடி ஐயா? அண்டைக்கு எல்லா வண்டியும் ஓடினதாமே?"

அருமைநாயகத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"தண்ணி எங்கட வளவு வரைக்கும் வரல்ல. கடற்கரைப் பக்கம் சத்தம் கேட்டவுடனே கேற்றைப் பூட்டித் திறப்பை மடிக்குள்ள சொருகிற்றன். எத்தினை பேர் வந்து தட்டினாங்க தெரியுமா! ஒருத்தன் மதிலால பாஞ்சு வந்து காலில விழுந்திற்றான்."

"சவம் ஏத்தவா?"

"இல்லகா, உயிரோடதான். அவன்ட பெண்சாதி. நிறைமாதம். வெளியில ரோட்டில மூச்சிழுத்துக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரி வாசல்ல விட்டாப் போதும் எண்டான். ஏத்தினாப் பிறகு வழியில போய்ச்சேர்ந்தா? வண்டி தீட்டாப் போயிருமே! நான் அசையல்ல. அதாலதான் இண்டைக்கு உங்களுக்கு இப்பிடி ஒரு சுத்தமான சாமான் கிடைக்கிது."

கேதீஸ்வரி பின் இருக்கையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஒரு கறை இல்லை. ஒரு கிழிசல் இல்லை.

அப்பாடா, இவளுக்குப் பிடித்துவிட்டது என்று நல்லரத்தினம் நினைத்தார்.

"நல்ல சுத்தம் ஐயா" என்றாள் கேதீஸ்வரி. "நாங்க வாறம்."

தெருவுக்கு வந்ததும் நல்லரத்தினம் மோட்டார் சைக்கிளை உதைக்கவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இனி என்னால ஏலாது. நீ கேட்டது இதைத்தானே? உனக்கெண்டே பொத்திவச்ச மாதிரி நிக்கிது. இதையும் விட்டுப்போட்டு வாறாய்!"

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"காத்தான்குடிக்கு விடுங்க. அந்த ஜீப்பை வேற ஆரும் வாங்கிப்போட முதல் போகணும்."

"எடியே, அது சவம் ஏத்தின வண்டி!"

"ஓம். கூப்பிட்ட ஆக்களுக்கெல்லாம் கதவு திறந்த வண்டி."