உரிக்காத தாள்

புதுசு கெடக்கூடாதென்று, கார் வாங்கிய நாளில் தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளை முதலாளி எடுக்கவேயில்லை. கண்ணாடி ஓரத்து ரப்பர் விரிசல்விட்டு, மழைநீர் தாளுக்கு அடியிலிருந்த கம்பளத்தில் இறங்கியது.

"அண்ணே, நான் நனையுறேன். எனக்குக் கீழ இருக்கற ஒயரும் நனையுதுன்னு சொல்லுது" என்றது கம்பளம்.

"வெளிய தெரிஞ்சா என்னை உரிச்சுடுவாங்க. கொஞ்சம் பொறுத்துக்க" என்றது தாள்.

கம்பளம் பொறுத்தது. முதலாளி தாளைத் தடவிப் பார்த்து, ஈரமில்லை என்று நிம்மதியானார்.

ஒருநாள் ஹாரன் தானாக அலறியது. விளக்குகள் அணைந்தன. மெக்கானிக் தாளைக் கிழித்துப் போட்டு, பச்சைக் களிம்பு பூத்த ஒயரை வெட்டியெடுத்தார்.

வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கம்பளம், பக்கத்தில் கிடந்த ஒயரிடம் சொன்னது: "நீ யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்டதான் சொன்னேன்" என்றது ஒயர்.