கொடியில் காய்ந்த துணிகள்

நான்காவது சுற்றில் மூச்சு வாங்கியது. புங்க மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எழுபத்திரண்டு வயது. காலை ஐந்தே முக்காலுக்குப் பூங்கா. நான்கு சுற்று. திரும்பும் வழியில், டாக்டருக்குத் தெரியாமல், சர்க்கரை போட்ட ஒரு காபி. பிறகு ஒன்பது மணி வரை எழுத்து. இந்த மூன்று மணி நேரம் ஒழுங்காகப் போய்விட்டால் மீதி நாள் எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலையில்லை.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

செண்பகம்.

ஒன்பது வருடம் இரண்டு பேரும் சேர்ந்தேதான் இந்தப் பூங்காவைச் சுற்றினார்கள். பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். முழங்கால் உடனே ஒத்துழைக்கவில்லை.

செண்பகம் அவளைப் பார்த்துச் சிரித்தாள். பழைய சிரிப்பு.

மன்னித்துவிட்டாளோ?

"நீங்க தெனமும் இங்கிட்டு வருவீகளா?"

அப்போதுதான் கவனித்தாள். செண்பகத்தின் கழுத்தில் கயிறு கட்டிய ஓர் அட்டை தொங்கியது. அதில் பெயர், தெரு, மகளுடைய போன் நம்பர்.

"வருவேன்" என்றாள்.

செண்பகம் நெருங்கி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒங்களப் பாத்தா சொல்லலாம்னு தோணுது. எம் மக மாலினி. கல்யாணமாகி அஞ்சாம் மாசம் பையத் தூக்கிட்டு வந்து நின்னா. நல்ல மத்தியானம். அம்மா அம்மான்னு கதவத் தட்டுறா. நான் உள்ளதான் இருக்கேன். சாயந்தரம் மகனுக்குப் பொண்ணு பேச வர்றாக. இவ இந்தக் கோலத்துல வந்து நிக்கிறா. எப்பிடித் தொறக்குறது?"

அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் இடுக்கு வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். தட்டித் தட்டிப் பாத்தா. அப்பறம் கொடியில காஞ்ச துணிய எல்லாம் எடுத்தா. ஒவ்வொண்ணா மடிச்சா. படியில வச்சுட்டுப் போயிட்டா. நான் கோயிலுக்குப் போயிருந்தேன்னு பின்னாடி அவகிட்டச் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது."

தெரியும்.

தான் எழுதிய கதையில் பெயரை மாற்றியிருந்தாள். ஊரை மாற்றியிருந்தாள். அம்மாவை அப்பாவாக்கியிருந்தாள். துணி மடித்ததை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அந்த ஓர் இடத்துக்காகத்தான் கதையையே எழுதினாள். தீபாவளி மலரில் வந்தது. பரிசு வாங்கியது. படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்கள்.

மாலினியும் படித்தாள்.

அன்றைக்கு வீட்டில் ஆளில்லை என்று நம்பித் திரும்பிப் போனவள் அவள். புருஷன் வீட்டில் மேலும் ஆறு வருடம் அடிபட்டவள்.

கதை வந்த மறுவாரம் செண்பகம் இவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. சண்டை போடவில்லை. "ஒங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்" என்றாள். போய்விட்டாள்.

இப்போது அதே செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீக."

"சொல்ல மாட்டேன்."

இதே பெஞ்சில், இதே சொல்லை, முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

வேகமாக யாரோ வரும் சத்தம் கேட்டது. ஒரு சுற்று நடந்துவிட்டு மாலினி வந்துகொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கிய முகம். அம்மாவின் பக்கத்தில் இருப்பது யார் என்று தெரிந்ததும் நடை நின்றது.

கதை எழுதியவள் தலை குனிந்துகொண்டாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள். இத்தனை வருடம் யாரும் திட்டாததே பாரமாக இருந்தது.

"நாலு மாசமா வீட்டுல அம்மா வாயே தொறக்கல" என்றாள் மாலினி. "ஒங்ககிட்ட என்ன பேசுனாங்க?"

செண்பகத்தின் பிடி இறுகியது. நகம் பதிந்தது.

"மழை வருமான்னு கேட்டாங்க."

மாலினி வானத்தைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அம்மாவின் செருப்பு வாரைச் சரிசெய்தாள். நிமிராமலே சொன்னாள்.

"நாளைக்கும் கூட்டிட்டு வர்றேன். நீங்க கேட்டுக்கிட்டா மட்டும் போதும்."